நடுவில் என்ன வைப்பது?

(பொறியாளர் நாளையொட்டிப் பெரம்பலூரில் கட்டுமானப் பொறியியல் மாணவர்களும் ஊர்மக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊருக்கு ரவுண்டானா வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால், டீக்கடையில் முதலில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “நடுவுல என்ன வைக்கப்போறாங்க?” தலைவர் சிலையா, நீரூற்றா, உலக உருண்டையா, உயர்கோபுர விளக்கா? அரியலூர் நண்பர் ஒருவர் என்னிடம், “சார், எங்க ஊருக்கு டைனோசர்தான் பொருத்தம்” என்றார். வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது, அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் இத்தனை வருஷச் சாலை வேலையில், “வண்டி உள்ளே நுழையுற வாசல்ல என்ன செய்யப்போறீங்க?” என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கலெக்டர் கேட்டதில்லை, கவுன்சிலர் கேட்டதில்லை, என் வீட்டிலும் கேட்டதில்லை. இன்றைக்கு நடுவை மறந்துவிட்டு வாசலைப் பற்றிப் பேசப்போகிறேன். ரவுண்டானாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நம் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். பெரம்பலூரில் நான்கு ரோடு இருக்கிறது, மூன்று ரோடும் இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலும் ஒரு நான்கு ரோடு. சாலைகள் கூடும் இடத்துக்கு ஜனங்கள் கிளைகளை எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலும் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. நான்கு கிளையும் இருவழிப் போக்குவரத்தாக இருந்து, சிக்னலும் வட்டமும் இல்லாமல் கூடினால், ஒரு வண்டியின் பாதை இன்னொரு வண்டியின் பாதையைத் தொடும் இடங்கள் 32. அவற்றில் 16 குறுக்கே வெட்டும் இடங்கள். நேராக வருகிறவனின் விலாவில் பக்கத்துச் சாலைக்காரன் வந்து இடிப்பது அந்தப் பதினாறில்தான். அதே இடத்தில் ஒற்றைத் தட ரவுண்டானா போட்டால் 32 எட்டாகிவிடும். நான்கு சேரும் இடம், நான்கு பிரியும் இடம். குறுக்கு வெட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. மாணவர்கள் நோட்டில் வரைந்து எண்ணிப் பாருங்கள். முதல் தடவை எனக்கு 29தான் வந்தது.

எட்டிலும் இடி விழத்தான் செய்யும். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுகிற இடி அது. 60 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்கினால் மோதலின் ஆற்றல் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும். பம்பர் போகும், ஆள் பிழைப்பான். அமெரிக்காவில் சிக்னலோ நிறுத்தப் பலகையோ இருந்த சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றி, முன்னும் பின்னும் கணக்கெடுத்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்த விபத்துகள் ஏறக்குறைய 40 சதவீதமும், காயம்படும் விபத்துகள் நான்கில் மூன்று பங்கும் குறைந்திருந்தன. அந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊரில் ஒட்டக் கூடாது. அங்கே ஒரு பைக்கில் மூன்று பேர் போவதில்லை.

‘ரவுண்டானா’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மவுண்ட் ரோட்டில் இன்று அண்ணா சிலை நிற்கும் சந்திப்பைப் பழைய சென்னைக்காரர்கள் ‘ரவுண்ட் தாணா’ என்பார்கள். 1968-இல் சிலை வந்ததும் அந்த இடத்தின் பெயரே அண்ணா சிலை ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து இங்கிலீஷ்காரன்கூட இவ்வளவு செல்லமாக ஒரு பெயர் வைக்கவில்லை, ‘ரவுண்டபவுட்’ என்று மொட்டையாக விட்டுவிட்டான். நம் சொல் நல்ல சொல். அதனால் இன்றைக்கு முழுவதும் ரவுண்டானா என்றே பேசுகிறேன். வட்டச் சந்திப்பு, சுழற்சந்தி எல்லாம் டெண்டர் நோட்டீசில் கிடக்கட்டும்.

இப்போது வாசலுக்கு வருவோம். வாசலில் முடிவாக வேண்டியது ஒரே விஷயம்: யார் காத்திருப்பது?

கேட்கச் சின்னக் கேள்வி. உலகம் இதற்குச் சரியான விடை கண்டுபிடிக்க அறுபது வருஷம் எடுத்துக்கொண்டது. நியூயார்க்கில் கொலம்பஸ் வட்டத்தில் 1905-லேயே வண்டிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. பாரிஸில் பன்னிரண்டு சாலைகள் கூடும் எத்துவால் சதுக்கத்தில் 1907-இல் சுற்ற ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் 1909-இல் வட்டம் வந்தது. வட்டம் எல்லா ஊரிலும் இருந்தது, வழிவிடுவதற்குச் சரியான விதிதான் இல்லை. பாரிஸில் உள்ளே நுழைகிறவனுக்குத்தான் முதல் உரிமை, சுற்றிக்கொண்டிருப்பவன் நின்று வழிவிட வேண்டும். எத்துவாலில் இன்றைக்கும் அப்படித்தான். இதில் என்ன கோளாறு என்று யோசித்துப் பாருங்கள். நுழைகிறவன் நுழைந்துகொண்டே இருக்கிறான், சுற்றுகிறவன் வெளியேற முடியாமல் நிற்கிறான். வட்டம் நிரம்புகிறது. ஒரு கட்டத்தில் ஒருவனும் நகர முடியாது. விசேஷ வீட்டுப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்கும் முன்பே அடுத்த வரிசை வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டால் என்ன ஆகும்? எழுந்திருப்பவனுக்கும் வழியில்லை, உட்காருகிறவனுக்கும் இடமில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் பிளாக்மோர். 1966 நவம்பரில் அந்த நாட்டில் விதி வந்தது: உள்ளே சுற்றுகிறவனுக்கு முதல் உரிமை, நுழைகிறவன் வாசலில் நின்று பார்த்துத்தான் வர வேண்டும். அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழிவிடு என்பதுதான் அந்த விதி. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை, ஒரு வரி விதி. அதன் பிறகுதான் வட்டத்தைச் சிறிதாக்கலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு வந்தது. பிளாக்மோர் வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் நடுவில் வெறும் பெயின்ட் புள்ளி மட்டும் இருக்கிற குட்டி ரவுண்டானா வரைக்கும் கொண்டுபோனார்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2017 வரை நடப்பில் இருந்த 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளில் ஒன்பதாவது விதி இப்படிச் சொன்னது: சந்திப்பில் நுழையும்போது, பிரதான சாலை என்று குறிக்கப்பட்டிருந்தால் அதில் போகிறவர்களுக்கு வழிவிடு, இல்லாவிட்டால் உன் வலப்பக்கத்திலிருந்து வருகிற எல்லோருக்கும் வழிவிடு. லைசென்ஸ் வாங்கும்போது எட்டு போட்டுக் காட்டுகிறோம். எட்டில் இரண்டு வட்டம் இருக்கிறது, இரண்டிலும் வழிவிடுவதில்லை. நடைமுறையில் நம் ஊர் விதி வேறு. ஹாரனை யார் முதலில் அடித்தாரோ அவருக்கு வழி. இரண்டு பேரும் அடித்தால், பெரிய வண்டிக்கு வழி. இரண்டும் பெரிய வண்டியாக இருந்தால்? பெரம்பலூர்ப் பாலக்கரை ரவுண்டானா ஓரமாக மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள், விடை கிடைக்கும்.

ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. என் தொழிலில் உள்ளவர்கள் அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறோம், சௌகரியமான பதில். வாசலை நாங்கள் எப்படி அமைத்தோம் என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு வண்டி தானாக வேகத்தைக் குறைத்தால்தான் டிரைவருக்கு வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவே நேரம் கிடைக்கும். எப்போது குறைப்பான்? பாதை வளைந்தால் குறைப்பான். ரவுண்டானாவுக்கு வரும் சாலை நடுத் திட்டை உரசிக்கொண்டு நேராக எதிர்ப்பக்கம் போய்விடும்படி இருந்தால், அவனுக்கு அது ரவுண்டானாவே இல்லை, சாலையோரம் இருக்கும் பூந்தொட்டி. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் லேசாக ஒடித்துவிட்டு அறுபதில் போவான். அவனை இடப்பக்கம் ஒடிக்க வைத்து, பிறகு வலப்பக்கம் வளைத்து, மறுபடியும் இடப்பக்கம் ஒடித்து வெளியே விட வேண்டும். இந்த மூன்று ஒடிப்பும் இருந்தால் போலீஸ்காரரும் வேண்டாம், வேகத்தடையும் வேண்டாம்.

இதற்குக் கணக்கு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1976-இல் வெளியிட்ட அறுபத்தைந்தாம் எண் நூலில், நகரத்தில் ரவுண்டானாவின் வடிவமைப்பு வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், வெளியூர்ச் சாலையில் 40. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சறுக்காமல் வளைய ஏறக்குறைய 15 மீட்டர் ஆரம் போதும், நாற்பதுக்கு 29 மீட்டர் ஆகும். நகர வாசலுக்கு 15 முதல் 25 மீட்டர் வரை என்று அந்த நூல் சொன்னதற்கு இதுதான் காரணம். அதைத் தாராளமாக 40 மீட்டர் என்று வைத்தால், “சார் நல்லா அகலமா போட்டுட்டாரு” என்று ஊரில் பாராட்டுவார்கள். அந்தத் தாராளம் முழுவதும் வேகமாக மாறிவிடும். 2017-இல் அந்த நூலைத் திருத்தினார்கள். பழைய தலைப்பில் ‘ரோட்டரி’ என்றிருந்தது, புதிய தலைப்பில் ‘ரவுண்டபவுட்’ என்று மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. பழைய சிந்தனை வட்டத்துக்குள் வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிய நீளம் கொடுப்பது. புதிய சிந்தனை வாசலில் நிற்கிறவனுக்கு இடைவெளி கிடைக்குமா என்று பார்ப்பது. முதலாவது பெரிய வட்டம் கேட்கும், இரண்டாவது நல்ல வாசல் கேட்கும்.

பெரிய வட்டத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உங்களுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். முறைப்படி இடமிருந்து சுற்றி முக்கால் வட்டம் போக வேண்டும். சுற்றும் பாதையின் ஆரம் 25 மீட்டர் என்றால் 118 மீட்டர். ராங் சைடில் கால் வட்டம் வெட்டினால் 39 மீட்டர்தான். பைக்காரனுக்கு 79 மீட்டர் மிச்சம். அவன் வெட்டத்தான் செய்வான், எதிரில் வருகிறவன் திட்டத்தான் செய்வான். ஆரம் பத்து மீட்டராக இருந்தால் வித்தியாசம் வெறும் 31 மீட்டர். அதற்காக எதிர்த்திசையில் போய்ப் பல்லை உடைத்துக்கொள்ளப் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள்.

அப்படியானால் எல்லா வட்டத்தையும் சின்னதாகப் போட்டுவிடலாமே என்று முன்வரிசையில் ஒரு தம்பி நினைப்பது தெரிகிறது. நானும் உங்கள் வயதில் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் அரியலூர் வந்து என் காதைத் திருகியது.

அரியலூர் மாவட்டத்தில் சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது. கிரிட்டேஷியஸ் காலக் கடல். அது பின்வாங்கிப் போனபோது சுண்ணாம்புக்கல்லை விட்டுவிட்டுப் போனது. கல் இருந்ததால் சுரங்கம் வந்தது, சுரங்கம் இருந்ததால் சிமென்ட் ஆலைகள் வந்தன. கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், தளவாய் என்று வரிசையாக. ஆலை இருந்ததால் டிப்பர் வந்தது. ஆக, உங்கள் சந்திப்பில் நிற்கும் டிப்பர் அந்தக் கடலின் கடைசி அலை. இதைச் சொன்னால் நிலவியல் பேராசிரியர்கள் சிரிப்பார்கள், டிராபிக் போலீஸ்காரர் சிரிக்கமாட்டார்.

என்னுடைய தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். லாரிகள் போகும் ஒரு சாலையில் நான் போட்ட வட்டம் அது. வரைபடத்தில் அவ்வளவு அழகு. நடுத்திட்டைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் கருங்கல் விளிம்பு, கறுப்பு வெள்ளை பெயின்ட். திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, விளிம்பில் நாலு இடத்தில் பல் விழுந்த மாதிரி கல் பெயர்ந்துவிட்டது. மீதிக் கல்லிலெல்லாம் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. எனக்குக் கோபம் வந்தது. காலையில் போய் நின்றேன். ஒரு டிப்பர் ஏறி இறங்கியது. கைகாட்டி நிறுத்தி, “கண்ணு தெரியலையாண்ணே, இவ்வளவு பெரிய வட்டம்?” என்றேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதவைத் திறக்காமலேயே சொன்னார்: “முன்வீலை நான் ஓட்டுறேன் தம்பி, பின்வீலு அதுவா ஓட்டிக்குது.”

அன்றைக்குத்தான் எனக்குப் பித்தாகரஸ் புரிந்தார். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 6 மீட்டர் உள்ள லாரி, முன்சக்கரத்தை 15 மீட்டர் ஆரத்தில் சுற்றிக்கொண்டே போனால், பின்சக்கரம் அதே கோட்டில் வராது. 15-இன் வர்க்கத்திலிருந்து 6-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 13.75. பின்சக்கரம் ஒன்றேகால் மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு போகிறது. டிரெய்லராக இருந்தால் இன்னும் மோசம். கரும்பு ஏற்றிய இரண்டு டிரெய்லரைப் பின்னால் கோத்துக்கொண்டு டிராக்டர் எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிறதே, அதன் கடைசிச் சக்கரம் எங்கே போகும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

இதற்குத் தீர்வு வட்டத்தைப் பெரிதாக்குவது இல்லை, அப்படிச் செய்தால் கார்காரனின் வேகம் திரும்ப வந்துவிடும். நடுத்திட்டைச் சுற்றி ஒரு வளையத்தை, சாலையைவிட மூன்று நான்கு அங்குலம் மட்டும் உயர்த்தி, கெட்டியான கான்கிரீட்டில், சாய்ந்த விளிம்போடு, வேறு நிறத்தில் போட வேண்டும். கார்காரன் அதைப் பார்த்தால் திட்டு என்று நினைத்து விலகுவான். லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்க்கொள்ளும். பெரிய வீட்டுத் திண்ணை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு சேர்ந்ததுதான், ஆனால் வழிப்போக்கன் உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கிலீஷில் இதற்கு ‘ஏப்ரன்’ என்று பெயர். நான் திண்ணை என்றே சொல்லிப் பழகிவிட்டேன், என்னிடம் வேலை பார்த்த மேஸ்திரிகளும் அப்படியே சொன்னார்கள்.

திண்ணையின் அகலத்தை எப்படி முடிவு செய்வது? இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் லாரியை ஓட்டிப் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் சாலையே உங்களுக்கு வரைந்து காட்டிவிடும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலைச் சந்திப்புக்கு மழையில்லாத ஒரு விடியற்காலையில் போய் நில்லுங்கள். சாலைமேல் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். எல்லா இடத்திலும் இருக்காது. சக்கரம் போகும் இடம் பெருக்கிவிட்ட மாதிரி கருப்பாக இருக்கும். சக்கரம் போகாத இடத்தில் மட்டும் புழுதி மாவாக நிற்கும், கால் வைத்தால் செருப்புத் தடம் பதியும். நான்கு சாலையும் கூடும் நடுவில் வெள்ளையாய் ஒரு தீவு, இரண்டு சாலைக்கு இடையே முக்கோணமாய் நான்கு வெள்ளைத் துண்டு. உங்கள் ரவுண்டானாவின் நடுத்திட்டும் வாசல் திட்டுகளும் அங்கே ஏற்கெனவே வரைந்திருக்கின்றன. ஒரு பெட்டி சாக்பீசும் டேப்பும் போதும். குளிர்நாட்டில் பனி விழுந்ததும் இதே மாதிரி பார்த்து வரைகிறார்கள். நமக்குப் பனி இல்லை, சுண்ணாம்பு இருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் புழுதி குறைவு. அதற்கும் வழி உண்டு. மக்காச்சோள அறுவடை முடிந்ததும் குன்னம், வேப்பூர்ப் பக்கம் கிராமச் சாலைகளில் போயிருப்பீர்கள். சாலையில் சோளம் காயும். காயப்போட்ட அம்மா கல்லை வரிசையாக எல்லை வைத்திருப்பார். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இத்தனை வண்டி போயும் எந்த இடத்தில் சோளம் நசுங்காதோ, அந்த இடம் வரைக்கும்தான் அந்த அம்மா பரப்பியிருப்பார். ஒரு சாண் கூடினால் அவருக்கு நஷ்டம். எங்கள் சர்வே எதுவும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை. சாலையில் தானியம் காயவைப்பது ஆபத்து, பைக் சறுக்கும், ராத்திரியில் எல்லைக் கல்லில் ஆள் விழுந்திருக்கிறார்கள். களம் கட்டிக் கொடுக்க வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் பரப்பியிருக்கும்போது அதைப் படிக்காமல் போவது பொறியாளருக்கு அழகில்லை.

அடுத்து எண்ணிக்கை. வண்டி எண்ணுவது என்றால் மாணவர்களுக்குச் சலிப்பு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. இப்படியே பன்னிரண்டு மணி நேரம். எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதுதான் விஷயம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும்தான் விசேஷம். அந்தப் பக்கச் சந்திப்பைச் செவ்வாய்க்கிழமை எண்ணிவிட்டு அறிக்கை எழுதினால், அம்மன் மன்னித்தாலும் ஜனங்கள் மன்னிக்கமாட்டார்கள். கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாளுக்கு ராமநவமியை ஒட்டித் திருவிழா. அந்தப் பத்து நாளும் சாலையின் குணமே வேறு. திருவிழாவுக்காக வடிவமைக்கச் சொல்லவில்லை, அது கட்டுப்படியாகாது. கூட்டம் வந்தால் தடுப்பு வைத்துத் திருப்பிவிட இடம் விட்டிருக்கிறோமா என்று பார்க்கச் சொல்கிறேன்.

எண்ணியதை அப்படியே கூட்டவும் கூடாது. 1976-ஆம் ஆண்டு நூலின்படி ரவுண்டானாவில் ஒரு கார் ஒன்று என்றால், பைக் முக்கால், சைக்கிள் அரை, பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் 2.8. மாட்டுவண்டி நான்கு முதல் ஆறு வரை. அந்த நூலில் மாடு இவ்வளவு மரியாதையாக இருந்தது. அந்தக் கணக்கில் மணிக்கு 100 டிப்பர் என்றால் 280 என்று எழுத வேண்டும். பழைய முறையில் ஒரு கணக்கு: வாசல் அகலம் 10 மீட்டர், பின்னிப் பிரியும் பகுதி 13.5 மீட்டர் அகலம், 54 மீட்டர் நீளம், அதில் பத்துக்கு ஏழு வண்டி பாதை மாறுகிறது என்றால், அந்தப் பகுதி மணிக்கு ஏறக்குறைய 4,000 கார் அளவு தாங்கும். காகிதத்தில். வெளியேறும் வாயில் ஒரு மினிபஸ் நின்று ஆள் ஏற்றினால் இந்த நாலாயிரம் எங்கே போகும் என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

அந்த மினிபஸ்ஸை நிறுத்த ஒரு இடம் உண்டு. வெளியேறும் வாய் தாண்டி, குறைந்தது இரண்டு மூன்று பஸ் நீளம் தள்ளி, சாலையை விட்டு ஒதுங்கிய குழிவில். வாயிலேயே பஸ் நின்றால் பின்னால் வருகிறவர்கள் வட்டத்துக்குள் நிற்பார்கள், அடுத்த வாசல் அடைபடும், பிறகு அதற்கடுத்தது. பாரிஸ் பந்தி கதை மறுபடியும். பஸ் ஏன் அங்கே நிற்கிறது? ஆள் அங்கே நிற்கிறது. ஆள் ஏன் அங்கே நிற்கிறது? அங்கே ஒரு புளியமரம் நிழல் தருகிறது. நிழற்குடையை வெயிலில் கட்டிவிட்டுக் கண்டக்டரைத் திட்டிப் பயனில்லை.

நடந்து போகிறவர்களைப் பற்றி. ரவுண்டானாவில் நாம் அதிகம் ஏமாற்றுவது இவர்களைத்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தால் கொஞ்சமாவது தைரியமாக இறங்குவார்கள், வட்டத்தில் வண்டி ஓய்வதே இல்லை. அதற்குத்தான் ஒவ்வொரு வாசலிலும் வருகிற பாதைக்கும் போகிற பாதைக்கும் நடுவே ஒரு திட்டு. காத்திருக்கும் கோட்டிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது ஆறு மீட்டர் அளவுக்குப் பின்தள்ளி அந்தத் திட்டில் இடைவெளி விட்டு, சாலைமட்டத்துக்கே பாதை அமைக்க வேண்டும். பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு முதலில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கடந்து திட்டில் நிற்கலாம், பிறகு மறுபக்கம் மட்டும் பார்த்துக் கடக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு திசையைக் கவனிக்கிற வேலை அவர்களுக்கு இல்லை. அந்தத் திட்டின் அகலம் இரண்டு மீட்டர் இருந்தால்தான் ஒரு சைக்கிளோ தள்ளுவண்டியோ நிற்கும். நாம் என்ன செய்கிறோம்? ஒன்றரை அடி அகலத்தில் திட்டு கட்டி, அதில் அரளி நட்டு, அதையும் சுற்றிக் கம்பிவேலி போடுகிறோம்.

சரி, நடுவில் என்னதான் வைப்பது? நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். மண்மேடு வையுங்கள். இடுப்பளவு உயரம், புல்லோ குத்துச்செடியோ. தூரத்தில் வருகிறவனுக்கு முன்னால் சாலை முடிகிறது என்று தெரிய வேண்டும், எதிர்ச் சாலை விளக்கு கண்ணில் அடிக்கக் கூடாது. அதேசமயம் பக்கத்து வாசலிலிருந்து வருகிறவன் மறையக் கூடாது, அதனால் விளிம்பு ஓரத்தில் செடி தாழ்வாக இருக்கட்டும். புறவழிச்சாலையில் ராத்திரி லாரி வருகிற ரவுண்டானாவுக்குச் செடியைவிட விளக்கும், மின்னும் அம்புப் பலகையும், 200 மீட்டர் முன்னாலேயே ஒரு அறிவிப்பும் முக்கியம். தூக்கக் கலக்கத்தில் வருகிறவனுக்கு மேடு மட்டும் இருட்டில் தெரியாது. சிலை வைத்தால் பிறந்தநாள், நினைவுநாள் என்று மாலை போட ஆள் வட்டத்துக்குள் போவார்கள். அவர்கள் போவதற்குப் பாதை இல்லாத இடம் அது, இருக்கவும் கூடாது. பொதுச்சாலையில் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டதை நினைவுபடுத்திவிட்டு நகர்கிறேன். நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

எல்லா இடத்துக்கும் ரவுண்டானா மருந்தில்லை. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையின் நடுவில் வட்டம் போடச் சொன்னால் போடக்கூடாது, நூறில் வருகிறவனை முப்பதுக்கு இறக்க அங்கே வழியில்லை. அது மேம்பாலத்தின் வேலை. ஒரு சாலையில் மட்டும் வெள்ளம் போல வண்டி வந்து, பக்கச் சாலையில் பத்து வண்டி இருந்தால், அந்தப் பத்துக்கும் வட்டத்தில் இடைவெளியே கிடைக்காது. பள்ளி விடும் நேரத்தில் ஐந்நூறு பிள்ளைகள் கடக்கிற இடத்தில் நான் சிக்னலைத்தான் கேட்பேன். அரியலூர், ஜெயங்கொண்டம் மாதிரி லாரியும் பைக்கும் நாலாப்பக்கமும் ஏறக்குறைய சமமாக வருகிற சந்திப்புகளுக்குச் சின்ன வட்டம், அகலமான திண்ணை, ஒடித்துவிட்ட வாசல். இதுதான் என் வாக்கு.

கல்லில் கட்டுவதற்கு முன்னால் டிரம்மில் கட்டிப் பாருங்கள். என் கடைசி ரவுண்டானாவை அப்படித்தான் செய்தேன். தார் டிரம் இருபதில் மணல் நிரப்பி, சிவப்பு வெள்ளை அடித்து, சாக்பீஸ் கோட்டின்மேல் வரிசையாக வைத்தோம். மூன்றாவது நாள் விடியற்காலை சைட்டில் இருந்த பையன் போன் செய்தான். “சார், ராத்திரி டிப்பர் ஒண்ணு நாலு டிரம்மைத் தள்ளிட்டுப் போயிடுச்சு. பழைய இடத்துல இழுத்து வச்சிடட்டுமா?” நான் லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். டிரம்கள் கவிழவில்லை. நான் போட்ட கோட்டிலிருந்து உள்பக்கமாக, அழகான ஒரு வளைவில் நகர்ந்து நின்றிருந்தன. அளந்தோம், ஏறக்குறைய இரண்டேகால் அடி. “தொடாதேப்பா, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் கோடு போடச் சொன்னேன்.